சாலோவின் எடை

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கொன்னவிளை அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். உத்தரத்தில் தராசு தொங்கும். கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த துணிப்பையில் குழந்தைகளை ஒவ்வொன்றாக உட்கார வைப்பாள் உதவியாளர் ராகேல். குழந்தை வீறிட்டு அழும். "அந்தா பாரு, பூச்சை பாரு" என்று ராகேல் ஜன்னலில் இல்லாத பூனையைக் காட்டுவாள். குழந்தை திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் முள் ஆடாமல் நிற்கும். ஜெனிலா டீச்சர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வாள். சாயங்காலம் செல்போனிலும் ஏற்றிவிடுவாள்.

ஜெனிலா அந்த வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. கணவன் மஸ்கட்டில். ஒரே மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் தனியாக இருப்பவளுக்கு அங்கன்வாடிதான் எல்லாம். சுவரில் ஒட்டியிருக்கும் வளர்ச்சி அட்டையில் பச்சைக் கோட்டுக்கு மேல் இருக்கும் குழந்தைகள்தான் அதிகம். சிலர் மஞ்சளில். எடை மிகவும் குறைந்த பிள்ளைகளுக்கான சிவப்பில் நான்கு வருடமாக ஒரு குழந்தைகூட இல்லை. அதை அவள் பொய் எழுதிச் சாதிக்கவில்லை. சாப்பிடாத பிள்ளைகளின் வீட்டுக்குத் தானே நடந்து போவாள். முட்டையை உரித்துக் கையில் கொடுத்து, தின்று முடிக்கும் வரை நிற்பாள். மாதாந்திரக் கூட்டத்தில் சூப்பர்வைசர் மேடம், "கொன்னவிளையைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று சொல்லும்போது ஜெனிலா தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் பூரித்துப்போவாள்.

அந்த ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை, மழை சற்று ஓய்ந்திருந்த பதினொரு மணிக்கு, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். இடுப்பில் துணியால் கட்டிய ஒரு குழந்தை. காலில் செம்மண் சேறு முழங்கால் வரை ஏறியிருந்தது. முன்கைகளில் முள் கீறிய கோடுகள்.

அந்தக் கீறல்களைப் பார்த்தாலே எங்கிருந்து வருகிறாள் என்று தெரிந்துவிடும். கேரள எல்லையை ஒட்டிய அருமனைப் பக்கம் பழைய ரப்பர் மரங்களை வெட்டி மாற்றிய தோட்டங்களில் இப்போது கைதச்சக்கை போடுகிறார்கள். அன்னாசியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்த முள்ளுக்குள் இறங்கி வேலை செய்ய உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. ஒப்பந்தக்காரர்கள் வடக்கிலிருந்து கூட்டி வருகிறார்கள். ஜார்க்கண்டோ, ஒடிசாவோ, அசாமோ, ஊருக்குள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், பெங்காளி. இந்தப் பெண் ஜார்க்கண்டுக்காரி. பெயர் புத்னி. இங்கே வருவதற்கு முன் ஒரு வருடம் கேரளத்தில் வேலை செய்ததால் கொஞ்சம் மலையாளம் கலந்து பேசுவாள்.

"சேச்சி, மோள்… சாலோ. ஒண்ணும் திங்கில்லா" என்றாள்.

ராகேல் குழந்தையை வாங்கித் தராசுப் பையில் உட்கார வைத்தாள். குழந்தை அழவில்லை. பூனையைக் காட்ட வேண்டிய வேலையே இல்லாமல் முள் நின்றது.

"வயசு?"

புத்னி இரண்டு விரலைக் காட்டி, மூன்றாவது விரலைப் பாதி மடக்கினாள்.

"ரெண்டரை. டீச்சர், ஏழு கிலோ நானூறு" என்றாள் ராகேல். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தக் காலப் பாருங்க. வெரலு மாதிரி இருக்கு" என்றாள்.

ஜெனிலா பார்த்தாள். பதினாறு வருடப் பழக்கத்தில் அட்டையைப் பார்க்காமலேயே தெரிந்தது, சிவப்பு. சிவப்பிலும் அடி. பேனா கையில் இருந்தது. எழுதவில்லை.

"ஆதார் உண்டா?"

புத்னி இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஜெனிலா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

"இது உனக்க ஊரு அட்ரஸ். இஞ்சத்த அட்ரஸ் போட்டது வேணும். மாத்தி வாங்கிட்டு வா. கேட்டியா? இஞ்சத்த அட்ரஸ்."

புத்னிக்குப் புரிந்தது. தலையை ஆட்டினாள். குழந்தையை மறுபடியும் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் ரோட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்த ராகேல், "அட்ரஸ் எதுவானாலும் பிள்ளைக்குச் சத்துமாவு குடுக்கணும்னுதானே போன மீட்டிங்குல பறஞ்சாவ?" என்று கேட்டாள்.

"பறைய அவியளுக்கு எளுப்பம் அக்கா. பேர ஏத்தினா செவப்பு விழும். பெறவு தெனமும் அந்தத் தோட்டத்துக்கு நடக்கணும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும், மேல எழுதணும். அதுக்குள்ள இவியோ அடுத்த தோட்டத்துக்குப் போயிருவினும். செவப்பு மட்டும் நம்ம தலையில நிக்கும்."

"பேர ஏத்தண்டாம். ஒரு பாக்கெட் மாவாவது…"

"பேரு இல்லாம எப்படிக் குடுக்க? நாளைக்குப் பத்துப் பேரு வந்து நிப்பினும்."

டீச்சர் சொன்னால் சொன்னதுதான். ராகேல் தராசுப் பையை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து புத்னி மறுபடியும் வந்தாள். மதியம், பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாய்மார்கள் வந்திருந்த நேரம். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். குழந்தையின் தலை அவள் தோளில் சரிந்து கிடந்தது. ஜெனிலாவைக் கண்டதும் கையால் காகிதம்போலக் காட்டி, "நாளே… நாளே கிட்டும் சேச்சி" என்றாள்.

தாய்மார்களில் ஒருத்தி ஜெனிலாவின் அருகே வந்து, "டீச்சர், இவியளுக்குச் சொறி செரங்கு எல்லாம் காணும். நம்ம பிள்ளையள்கூட இருத்திராதீங்க" என்றாள்.

"இருத்தல, இருத்தல" என்றாள் ஜெனிலா. புத்னியைப் பார்த்து, "பேப்பர் கிட்டினதும் வா" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினாள்.

அன்று இரவு அவள் நன்றாகத்தான் தூங்கினாள். தவறு செய்ததாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் அமெரிக்காவிலிருந்து தம்பி எபிசன் கூப்பிட்டான். ஜெனிலா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். போனை அடுப்புத் திட்டில் சாய்த்து வைத்தாள். எபிசன் டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலை. போய் ஏழு வருடம். மனைவி, இரண்டு பிள்ளைகள். அவன் அனுப்பும் படங்களில் ஒரு பெரிய வெள்ளைக் கார் இருக்கும். கோயிலில் யாராவது "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டால் ஜெனிலா அந்தப் படத்தைத்தான் காட்டுவாள்.

"என்னடே மெலிஞ்சு போயிருக்க? வேலை கூடுதலா?"

எபிசன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"வேலை போய் எட்டு மாசம் ஆச்சு அக்கா."

துருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"எட்டு மாசமா? பெறவு எப்படி…"

"காரு போச்சு. வீடும் மாறியாச்சு, இப்ப ஒரு ரூமுதான். வேற கம்பெனிக்காரன் ஒருத்தன் எடுக்கேன்னு பறஞ்சு இழுத்தடிச்சதுல விசாவும் முடிஞ்சு போச்சு. ஒரு கடையில பெட்டி தூக்குறேன். எழுத்துல காட்டாத வேலை. குடுக்கதுதான் கூலி. ஊருல யாருட்டயும் பறஞ்சிராத."

"பிள்ளையளுக்குச் சோறு?"

திரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு சர்ச்சு ஹாலுல சாமானம் குடுப்பாவ அக்கா. அரிசி, பயறு, பாலு. லைன்ல நிக்கணும். மெக்சிகோக்காரன், ஆப்பிரிக்காக்காரன், எல்லாரும் நிப்பினும். மொத நாளு போவவே பயந்தேன். விசா கேட்டா என்ன செய்ய? விசா, பாஸ்போர்ட்டுன்னு எல்லா கடலாசையும் ஒரு ஃபைல்ல போட்டுக் கொண்டு போயிருந்தேன். மேசையில ஒரு பொம்பள இருந்தா, முன்ன நர்சா இருந்தவளாம். நான் ஃபைல நீட்டினேன். அவ அத வாங்கல அக்கா. வீட்டுல எத்தனை பேரு, சின்னப் பிள்ளையள் உண்டா, இதுதான் கேட்டா. பெறவு இளையவனப் பாத்துட்டு உள்ள போயி ரெண்டு டின் பால்பொடி கூட எடுத்துத் தந்தா. வெளிய வந்து மதிலுல சாஞ்சு நின்னு அழுதேன்."

ஜெனிலாவுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். தன் தம்பி, பட்டதாரி, பிச்சை வாங்குவதுபோல வரிசையில் நிற்கிறானே என்ற வெட்கம். "சங்கடப்படாத மக்கா, ஆண்டவரு வழி காட்டுவாரு" என்று ஏதோ சொன்னாள். போனை வைத்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு துருவலை அம்மியில் வைத்தாள். அரைக்க ஓடவில்லை.

அவன் சொன்னதில் ஒன்று மட்டும் போகாமல் நின்றது. அந்த மேசைக்காரப் பெண் ஃபைலை வாங்கவில்லை. அதை இரண்டு தடவை, மூன்று தடவை நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க மேசைக்கு இந்தப் பக்கம் தம்பி மறைந்து, செம்மண் சேறு அப்பிய கால்களோடு புத்னி நின்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் யார் என்று பார்க்க ஜெனிலாவுக்குத் துணிவு வரவில்லை.

புத்னியைத் தேடிப் போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள். ஆனால் அன்றைக்குப் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். ஞாயிறு கோயில். திங்கள்கிழமை தடுப்பூசி முகாம். செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து கொட்டித் தீர்த்த மழை. புதன்கிழமை காலையில்தான் ஆறு பாக்கெட் சத்துமாவையும், வீட்டிலிருந்து பத்து முட்டையையும் எடுத்துக்கொண்டு, ராகேலோடு தோட்டத்துக்கு நடந்தாள்.

கைதச்சக்கைப் பாத்திகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. இரண்டு பேரின் புடவையும் முள்ளில் மாட்டி மாட்டிக் கிழிந்தது. மேட்டில் தகரம் போட்ட ஷெட். கதவு என்று ஒன்று இல்லை. நீலத் தார்ப்பாய் தொங்கியது. ராகேல் அதை விலக்கினாள். உள்ளே யாருமில்லை. அடுப்புக் கல், மழையில் நனைந்த சாம்பல், மூலையில் ஒரு பிய்ந்த பாய்.

பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் வைகுண்டராஜன் அவர்களைக் கண்டு வேலியோரம் வந்தார்.

"அவியளயா பாக்க வந்திய? நேத்துக் காலம்பற அந்த மழையில ஜீப்புல ஏத்திட்டுப் போயாச்சு. இஞ்ச வேலை முடிஞ்சுல்லா."

"எங்க போனாவ?"

"காண்ட்ராக்டர் ஷாஜன்ட்டதான் கேக்கணும். அந்தச் சின்னப் பிள்ளைக்குத்தான் ரெண்டு நாளா வயித்தால போக்கு. அம்மைக்காரி மடியிலயே வச்சிட்டு இருந்தா. நான் கொஞ்சம் கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தேன், எறங்கல."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ யாரும் இல்லியா?" ஜெனிலாவின் குரல் உயர்ந்தது.

வைகுண்டராஜன் அவளைப் பார்த்தார். குத்திக்காட்டும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. தெரியாமல்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுல்லா. நான் நெனச்சேன், நம்ம ஊருல சின்னப் பிள்ளையளுக்கு உள்ள ஆளு நீங்கதானேன்னு. உங்ககிட்ட வரலியா அவ?"

ராகேல் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திங்கள்கிழமை வந்திருந்தால் அவர்கள் இங்கே இருந்திருப்பார்கள். தடுப்பூசி முகாம் பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. மத்தியானம் ஜெனிலா சும்மாதான் இருந்தாள்.

ஷாஜன் போனை எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. எடுத்ததும், "டீச்சரே, எனக்கு நாலு தோட்டம் உண்டு. எந்த பெங்காளி எங்க நிக்கான்னு நான் தலைய எண்ணிட்டா இருக்கேன்?" என்றான். மறுநாள் "தோட்டத்து சூப்பர்வைசர்ட்ட கேட்டுப் பறயேன்" என்றான். அதற்கும் அடுத்த நாள் எடுக்கவில்லை. ஜெனிலா அருமனையில் அவன் வீட்டுக்கே போய்க் கார் நிறுத்துமிடத்தில் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் ஷாஜன் வெளியே வந்து இடத்தைச் சொன்னான். கேரள எல்லையைத் தாண்டி, வெள்ளறடைக்கு மேலே ஒரு மலைத் தோட்டம்.

"என்னத்துக்கு டீச்சர் இவ்வளவு கஷ்டப்படுதிய? இவனுவோ போவான், வருவான். நம்ம ஆளுவளா?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்றாள் ஜெனிலா.

திங்கள்கிழமை விடுப்பு போட்டுவிட்டு ராகேலையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு ஜீப்பில் ஏறி அங்கே போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. இங்கேயும் அதே தகர ஷெட், அதே தார்ப்பாய். வேலைக்காரர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். புத்னி கல்லின்மேல் உட்கார்ந்து கையில் குத்தியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பு காலியாக இருந்தது. குழந்தையைக் கட்டியிருக்கும் துணி இல்லை.

ஜெனிலா அங்கேயே நின்றுவிட்டாள்.

புத்னியின் கணவன் லக்கன் எழுந்து வந்தான். அவன் நான்கு வருடமாகத் தெற்கே இருப்பவன், பேச்சு தெளிவாகவே வந்தது.

"அங்கன்வாடி சேச்சி அல்லே?" என்றான். "மோள் போயி சேச்சி. இஞ்ச வந்து மூணாம் நாள். ராத்திரி பனி, காய்ச்சல். நேரம் வெளுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஜீப் விளிச்சு. ஜீப் வந்நு. அதுக்குள்ள…" கையை விரித்தான்.

ராகேல் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள்.

லக்கன் கோபப்படவில்லை. கணக்குத் தப்பிப்போன ஆள் விளக்கம் சொல்வதுபோலப் பணிவாகச் சொன்னான்.

"சேச்சி பறஞ்ச பேப்பருக்கு மூணு தடவ போயி. அருமனையில, கம்ப்யூட்டர் கடையில. அவரு வாடகைப் பேப்பர் வேணம்னு சொல்லி. ஷெட்டுக்கு ஏது சேச்சி வாடகைப் பேப்பர்? ஷாஜன் சார்ட்ட கேட்டு, ஒப்பு போட மாட்டேன்னு சொல்லி. மூணு நாளும் மழை. மோளும் கூட வந்நு. போட்டோ எடுக்கும்னு சொன்னாங்க."

தன் வாயிலிருந்து போகிறபோக்கில் விழுந்த ஒரு சொல்லுக்காக அந்தக் குழந்தை மூன்று தடவை மழையில் நனைந்து போய்வந்திருக்கிறது. ஜெனிலா அந்த இடத்திலேயே, ஈர மண்ணில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பேப்பரு தேவையே இல்ல லக்கா" என்றாள். "அது இல்லாமலே குடுத்திருக்கலாம். குடுக்கணும்னுதான் சட்டம். நான்தான் குடுக்கல."

லக்கனுக்கு அவள் சொன்னதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு திரும்பித் தங்கள் மொழியில் புத்னியிடம் சொன்னான். புத்னி முள் எடுப்பதை நிறுத்திவிட்டு ஜெனிலாவைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஜெனிலா அதற்குத்தான் காத்திருந்தாள். புத்னி பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு எழுந்து ஷெட்டுக்குள் போய்விட்டாள். அவர்கள் அங்கே இருந்த நேரம் முழுவதும் வெளியே வரவில்லை.

கொண்டுபோயிருந்த மாவுப் பாக்கெட்டுகளை ஜெனிலா லக்கனிடம் நீட்டினாள். அவன் வாங்கினான். ஷெட்டில் வேறு குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தன் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தான். தண்ணீர்கூட விடாமல் மூன்று பேரும் மாவை அள்ளி அள்ளி வாயில் போட்டார்கள். இருமினார்கள், மறுபடியும் போட்டார்கள். மூத்த பெண்ணுக்கு ஆறு வயது இருக்கும். அவள் கடைசியில் தன் உள்ளங்கையை நக்கினாள்.

சாலோவைப் புதைத்த இடம் தோட்டத்தின் மேல் மூலையில் இருந்தது. லக்கன் கூட்டிப்போய்க் காட்டினான். நாய் தோண்டாமலிருக்க மேலே கல் அடுக்கியிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் எல்லை தாண்டியபின் ராகேல்தான் பேசினாள்.

"நான் அன்னைக்கே பறஞ்சேன்னு பறய மாட்டேன் டீச்சர். நீங்க ஒரு தடவ வேண்டாம்னதும் நானும் வாய மூடிட்டேன்லா. எனக்க கையாலதான் அந்தப் பிள்ளையத் தராசுல இருந்து எறக்கினேன். பஞ்சு மாதிரி இருந்துது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சே விட்டோம்."

மறுநாள் ஜெனிலா சூப்பர்வைசருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள். திருநெல்வேலிக்காரியான அந்த அம்மாள் கெட்டவள் அல்ல. ஜெனிலாமேல் அக்கறை உள்ளவள்தான். அதனால்தான் இப்படிச் சொன்னாள்.

"ஜெனிலா, மொதல்ல அழாதீங்க. அந்தக் கொழந்தை பேரு உங்க ரெஜிஸ்டர்ல இருக்கா? இல்ல. நம்ம மாவட்டத்துல நடந்ததா? அதுவும் இல்ல. யாரும் கேக்கப் போறதில்ல. நீங்களா எதுக்கு வம்ப வெலைக்கு வாங்குதீங்க? மனசுல ஜெபம் பண்ணிட்டு விட்ருங்க."

"யாரும் கேக்க மாட்டாவ மேடம். அதுதான் பயமா இருக்கு" என்றாள் ஜெனிலா.

அந்த வெள்ளிக்கிழமை மாதாந்திரக் கூட்டம். வட்டார அலுவலகத்தின் மேல்மாடிக் கூடத்தில் முப்பதுக்கு மேற்பட்ட அங்கன்வாடிப் பணியாளர்கள். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் மையத்தின் நிலவரத்தைச் சொன்னார்கள். எடை குறைவு இத்தனை, மிகக் கடுமையான குறைவு இல்லை. அடுத்தவர், இல்லை. அதற்கு அடுத்தவர், இல்லை. ஜெனிலாவின் முறை வந்தது.

"கொன்னவிளையில ஒண்ணு இருந்தது" என்றாள். "சாலோன்னு பேரு. ரெண்டரை வயசு. ஜூன் மாசம் எடை பாத்தப்ப ஏழு கிலோ நானூறு. நான் எழுதல. இஞ்சத்த அட்ரஸ் வேணும்னு பொய் பறஞ்சு திருப்பி அனுப்பினேன். ரெண்டாவது தடவ வந்தப்பவும் அனுப்பினேன். பிள்ளை செத்துப் போச்சு."

சூப்பர்வைசர் மேடம் பேனாவை மூடி வைத்தாள்.

"ஜெனிலா, உக்காருங்க. அப்புறம் பேசலாம்."

"இப்ப பேசிருதேன் மேடம். எனக்க தம்பி அமெரிக்காவுல வேலை போயி, விசா முடிஞ்சு, பிள்ளையளுக்குச் சோத்துக்கு வரிசையில நிக்கான். ஊருல யாருக்கும் தெரியாது, இப்ப எல்லாருக்கும் தெரியட்டும். அவன்கிட்ட அங்க யாரும் கடலாசு கேக்கல. நம்ம வீட்டுக்கு வீடு ஒருத்தன் துபாயிலயும் மஸ்கட்டுலயும் கெடக்கான். அங்க அவன ஒருத்தன் மனுஷனா நடத்தணும்னு நாம தெனமும் ஜெபம் பண்ணுதோம். நம்ம ஊருக்கு வந்தவன நாம பெங்காளின்னு பறஞ்சு கேட்ட சாத்துதோம். நான்தான் சாத்தினேன். எனக்க கையாலதான்."

அவள் உட்கார்ந்தாள். பிறகு பின்வரிசையில் ஜெஸ்பின் என்ற பணியாளர் எழுந்தாள். சிறிய வயதுக்காரி. வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"மேடம், எனக்க லிமிட்டுல செங்கல் சூளையில மூணு பிள்ளையள் உண்டு. ஒடிசாக்காரவிய. நானும் ஏத்தல."

அவள் பக்கத்திலிருந்தவளும் எழுந்தாள். "கட்டட வேலைக்காரவிய ஷெட்டுல ரெண்டு."

"எனக்க லிமிட்டுல எத்தனைன்னே தெரியாது மேடம்" என்றாள் இன்னொருத்தி. "நான் அந்தப் பக்கம் போனதே இல்ல."

அந்த மாத முடிவுக்குள் வட்டாரம் முழுவதும் பத்தொன்பது குழந்தைகளின் பெயர் புதிதாக ஏறியது. அவர்களில் ஏழு பேர் சிவப்பு. இரண்டு பேரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். சூளைக்கும் தோட்டத்துக்கும் பணியாளர்கள் நடக்கத் தொடங்கினார்கள். சிலர் முனகிக்கொண்டேதான் நடந்தார்கள். வெள்ளறடை அங்கன்வாடிக்கு ஜெனிலா தானே போன் செய்து, மலைத் தோட்டத்து ஷெட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பதைச் சொன்னாள். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். புத்னியும் லக்கனும் அங்கே இல்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார்களாம். எந்த ஊர் என்று கேட்டால், ஆதாரில் பார்த்த அந்த முகவரி ஜெனிலாவுக்கு நினைவில் இல்லை. அன்றைக்கு அவள் அதைப் படிக்கவே இல்லை.

கூட்டம் நடந்த பத்தாம் நாள் அலுவலகத்திலிருந்து ஜெனிலாவுக்கு ஒரு கடிதம் வந்தது. பணியில் கவனக்குறைவு, ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். என்ன எழுதலாம் என்று அங்கன்வாடி ஊழியர் சங்கத்தில் ஒருவர் அழகாகத் தயாரித்துக் கொடுத்தார். புலம்பெயர்ந்த குடும்பம், மொழி புரியவில்லை, தொடர்ந்து வரவில்லை என்று எல்லாம் அதில் இருந்தது. ஜெனிலா அதைப் படித்துப் பார்த்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துத் தன் கையெழுத்திலேயே எழுதினாள்.

"ஐயா, இது கவனக்குறைவு அல்ல. நான் கவனித்தேன். குழந்தை பட்டினி கிடக்கிறது என்று தெரிந்தே விட்டேன். பசித்து வந்தவர்களிடம் நீ எந்த ஊர் என்று கேட்பவர்கள் சோறு போட மாட்டார்கள். பிழைக்க வந்தவர்களின் பிள்ளையும் நம் ஊர்ப் பிள்ளைதான். இதை நான் ஒரு பிள்ளையைச் சாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மற்றவர்கள் அப்படிக் கற்றுக்கொள்ள வேண்டாம். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்."